257 ஹோம்ரன்களும் நான்காம் இடமும்: டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணியின் 2010, 2015 சீசன்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய 30 அணிகளில் மிக அதிக ஹோம்ரன் அடித்தது கனடாவின் டொராண்டோ ப்ளூ ஜேஸ். பேட்டர் அடித்த பந்து பெரும்பாலும் எல்லைச் சுவரைத் தாண்டிப் போக, அவர் பேஸ் எனப்படும் நான்கு நிலைகளையும் சுற்றிவந்து ஓட்டம் எடுப்பதே ஹோம்ரன். 162 ஆட்டங்களில் 257 ஹோம்ரன்கள். இரண்டாவதாக வந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைவிட இது 46 அதிகம். ஹோசே பௌட்டிஸ்டா ஒருவரே 54 அடித்தார். அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவர் 16ஐத் தாண்டியதில்லை. அவரைத் தவிர வெர்னன் வெல்ஸ், ஆரன் ஹில், ஆடம் லிண்ட், எட்வின் என்கார்னாசியோன், ஜான் பக், லைல் ஓவர்பே என்று இன்னும் ஆறு பேர் ஆளுக்கு 20 அல்லது அதற்கு மேல் அடித்தார்கள். ஓர் அணியில் ஏழு பேர் 20ஐத் தொடுவது அபூர்வம். அடிக்கும் வலிமை ஒரே ஒரு நட்சத்திர ஆட்டக்காரரிடம் குவிந்து கிடந்த அணி இது என்று சொல்லவே முடியாது. ஆனாலும் அந்த அணி 85 வெற்றி, 77 தோல்வி என்ற கணக்கோடு தன் பிரிவில் நான்காவதாக நின்றது. சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃப் சுற்றின் வாய்ப்பு அதன் அருகில்கூட வரவில்லை.

நான்காம் இடத்துக்குப் பிரிவின் கடுமையும் ஒரு காரணம்தான். டாம்பா பே ரேஸ் 96, நியூயார்க் யாங்கீஸ் 95, பாஸ்டன் 89 ஆட்டங்களை வென்ற பிரிவு அது. என் கவனம் அந்த அணி எடுத்த ஓட்டங்களின் மீது இருக்கிறது. 257 ஹோம்ரன் அடித்த அணி அந்த ஆண்டில் எடுத்த மொத்த ஓட்டங்கள் 755. மேஜர் லீகின் இரு லீகுகளில் ஒன்றான, டொராண்டோ ஆடும் அமெரிக்கன் லீகின் 14 அணிகளில் அது ஆறாவது இடம். 160 ஹோம்ரன் மட்டுமே அடித்த டாம்பா பே 802 ஓட்டங்கள் எடுத்தது. மினசோட்டா ட்வின்ஸ் 142 ஹோம்ரன் அடித்து 781 ஓட்டங்கள் எடுத்து, 94 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. டொராண்டோவைவிட 115 ஹோம்ரன் குறைவாக அடித்த அணி, அதைவிட 26 ஓட்டங்கள் கூடுதலாக எடுத்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதே டொராண்டோ ஐந்தாண்டுகள் கழித்து, 2015இல், இந்தக் கேள்விக்குத் தன் ஆட்டத்தாலேயே விடை தந்தது என்பதால் அந்த இரண்டு சீசன்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஹோம்ரனின் மதிப்பு எங்கே தீர்மானமாகிறது

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஹோம்ரனை சிக்ஸரோடு ஒப்பிடுவது இயல்பு. ஒரு முக்கியமான வேறுபாட்டை மட்டும் அந்த ஒப்பீடு மறைத்துவிடுகிறது. சிக்ஸர் எப்போது அடித்தாலும், எதிர்முனையில் யார் நின்றாலும், ஆறு ஓட்டங்கள்தான். ஹோம்ரனோ, பேஸ்களில் ஆட்கள் யாரும் இல்லாதபோது ஒரே ஓட்டம். ஒருவர் நின்றால் இரண்டு. மூன்று பேஸ்களும் நிறைந்திருந்தால் நான்கு. அடித்தவரின் கைவலிமை எல்லாவற்றிலும் ஒன்றே. எத்தனை ஓட்டங்கள் என்பதை அவருக்கு முன்னால் ஆடியவர்கள் என்ன செய்தார்கள் என்பது முடிவு செய்கிறது.

ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணிக்குக் கிடைப்பது 27 அவுட்கள். அந்த 27ஐச் செலவழிக்காமல் எவ்வளவு நேரம் ஆட முடிகிறது என்பதைத்தான் ஆன்-பேஸ் விகிதம் காட்டுகிறது. ஹிட் அடித்தோ (அதாவது அடித்த பந்தின் பலத்தில் பேஸை அடைந்தோ), பந்துவீச்சாளரான பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் கிடைக்கும் வாக் மூலமோ, பந்து உடம்பில் பட்டோ, ஒரு பேட்டர் எத்தனை முறை பேஸை அடைகிறார் என்பதன் கணக்கு அது. 2010இல் டொராண்டோவின் ஆன்-பேஸ் விகிதம் 0.312, டாம்பா பே 0.333, மினசோட்டா 0.341. இதில் டாம்பா பேயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர்களுடைய பேட்டிங் சராசரி (வாக் போன்றவற்றைச் சேர்க்காமல், ஹிட் கிடைத்த விகிதம்) 0.247, டொராண்டோவின் சராசரி 0.248. பந்தைத் தொட்டு ஹிட் எடுப்பதில் இரண்டு அணிகளுக்கும் வித்தியாசமே இல்லை. வாக் எண்ணிக்கையில்தான் டாம்பா பே சுமார் 200 கூடுதலாக எடுத்திருந்தது. 200 முறை ஒருவர் மட்டையை வீசாமல் பொறுத்திருந்து முதல் பேஸுக்கு நடந்து போயிருக்கிறார். செய்தித் தொகுப்புகளில் யாரும் காட்டாத காட்சி அது. அந்த நடையின் பலன்தான் டொராண்டோவுக்குக் கிடைக்காமல் போனது.

அந்த ஆண்டில் டொராண்டோ எடுத்த ஓட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஹோம்ரன் வழியே வந்தவை. அப்படியானால் மற்ற எல்லா வழிகளிலும் வந்தவை 378க்கும் குறைவு. ஹோம்ரன் ஒன்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், 1.6 ஓட்டம் என்று பொதுவான சராசரியை வைத்துக் கணக்கிட்டால், டாம்பா பே ஹோம்ரன் அல்லாத வழிகளில் ஏறத்தாழ 546 ஓட்டங்களும் மினசோட்டா 554 ஓட்டங்களும் எடுத்திருக்க வேண்டும். இது தோராயக் கணக்கே என்றாலும் இடைவெளியின் அளவைக் காட்டப் போதுமானது. டொராண்டோவின் குறை ஹோம்ரன்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தில் இருந்தது.

வரிசையில் விழுந்த பள்ளங்கள்

அந்த வெற்றிடம் எங்கிருந்து வந்தது என்று பெயர் பெயராகப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 2009இல் ஹில் 36 ஹோம்ரன், லிண்ட் 35 ஹோம்ரன் அடித்திருந்தார்கள். லிண்டின் சராசரி 0.305. இயல்பாகவே 2010 தொடக்கத்தில் ஹில் இரண்டாவதாகவும் லிண்ட் மூன்றாவதாகவும் ஆடினார்கள். பேட்டிங் வரிசையில் மேலே இருப்பவர்களுக்குத்தான் ஒரு சீசனில் அதிக வாய்ப்புகள் கிடைக்கும். அந்த ஆண்டு ஹில்லின் சராசரி 0.205, ஆன்-பேஸ் விகிதம் 0.271. லிண்டின் சராசரி 0.237, ஆன்-பேஸ் விகிதம் 0.287. ஹோம்ரன் கணக்கில் மட்டும் ஹில் 26, லிண்ட் 23 என்று இருவரும் மரியாதையாகவே நின்றார்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் நல்ல ஆண்டு ஆடியதாகவே தோன்றும். என்கார்னாசியோன் 96 ஆட்டங்களில் 21 ஹோம்ரன் அடித்தார். அவருடைய ஆன்-பேஸ் விகிதம் 0.305. ஜூலையில் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்ட அலெக்ஸ் கொன்சாலஸ் 85 ஆட்டங்களில் 17 ஹோம்ரன் அடித்திருந்தும் 0.300ஐத் தொடவில்லை. ஏழு பேரில் உண்மையிலேயே உயர்ந்த விகிதம் வைத்திருந்தவர் பௌட்டிஸ்டா ஒருவரே: 0.378.

'சமநிலையான பேட்டிங் வரிசை' என்ற சொல்லைப் பலரும் பல பொருளில் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் வலிமையாக அடிக்க வேண்டும், இரண்டு பேர் வேகமாக ஓட வேண்டும், இடக்கையும் வலக்கையும் மாறி மாறி வர வேண்டும் என்பது பழைய பாடம். அதில் தவறில்லை. ஆனால் இந்த நிகழ்வு எனக்குக் காட்டுவது வேறு ஒரு சமநிலை: அடுத்தடுத்து வருகிற மூன்று பேரில் ஒருவராவது பேஸில் ஏறுவார் என்ற உறுதி. ஹில், லிண்ட், என்கார்னாசியோன் மூவரும் 2010இல் அடுத்தடுத்து ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஹில் அவுட் ஆகும் வாய்ப்பு 0.729, லிண்டுக்கு 0.713, என்கார்னாசியோனுக்கு 0.695. மூன்றையும் பெருக்கினால் 0.36 வருகிறது. அதாவது நூறு இன்னிங்ஸில் 36 முறை மூவரும் வரிசையாக அவுட் ஆகி, எதிரணி பிட்சர் வியர்க்காமல் இருக்கைக்குத் திரும்புவார். ஆன்-பேஸ் விகிதத்தின் பலன் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஒருவருடைய 54 ஹோம்ரன்கள் ஏன் அணியை உயர்த்தவில்லை என்பது விளங்கிவிடும்.

அந்த அணியின் இயல்பை ஓர் ஆட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் 2010 ஆகஸ்ட் 7 அன்று டொராண்டோவில் டாம்பா பே அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். அன்று ஜே.பி. அரென்சிபியா என்ற இளம் கேட்சர் மேஜர் லீகில் முதன்முதலாகக் களமிறங்கி, தனக்கு வீசப்பட்ட முதல் பந்தையே ஹோம்ரன் ஆக்கினார். ஆட்டம் முடிவதற்குள் இன்னொரு ஹோம்ரன், இரண்டாவது பேஸ் வரை கொண்டுசேர்க்கும் ஒரு டபுள், முதல் பேஸோடு நிற்கும் ஒரு சிங்கிள். அணி மொத்தம் எட்டு ஹோம்ரன் அடித்தது. டாம்பா பேயின் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் ஒருவரே ஆறைக் கொடுத்தார். 17-11 என்று வெற்றி. மறுநாள், அதே மைதானம், அதே எதிரணி. டொராண்டோவின் பிராண்டன் மாரோ 17 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமல் மூன்று ஸ்ட்ரைக்குகளில் அவுட் ஆக்கி), ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்தார். அந்த மகத்தான பந்துவீச்சுக்கு அவருடைய அணி எடுத்துக் கொடுத்தது ஒரே ஓட்டம். 1-0 என்று வென்றார்கள். ஒரு நாள் 17, மறுநாள் 1. ஹோம்ரன் வரும் நாளில் வெள்ளம். வராத நாளில் மாரோவைப் போல ஒருவர் காப்பாற்ற வேண்டும்.

வெற்றி எண்ணிக்கையையும் இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஓர் அணியின் வெற்றி விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த வாய்பாடு. டொராண்டோ எடுத்தது 755, கொடுத்தது 728. வாய்பாடு தருவது 84 வெற்றிகள். அவர்கள் வென்றது 85. எனவே அவர்களுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. ஷான் மார்க்கம், ரிக்கி ரொமேரோ, பிரெட் செசில், மாரோ என்று பந்துவீச்சும் நன்றாகவே இருந்தது. எடுத்த ஓட்டங்களுக்கு உரிய இடத்தில்தான் அணி நின்றது.

அதே அணி, ஐந்தாண்டுகளுக்குப் பின்

2015க்கு வருவோம். அந்த ஆண்டு டொராண்டோ அடித்த ஹோம்ரன்கள் 232. இதுவும் அந்த ஆண்டில் எல்லா அணிகளிலும் அதிகம்தான். ஆனால் 2010ஐவிட 25 குறைவு. எடுத்த ஓட்டங்களோ 891. அதாவது 136 கூடுதல். லீகின் பொதுவான ஓட்ட அளவு இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 2015இல் சற்றுக் குறைவு என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இரண்டாவது இடத்திலிருந்த யாங்கீஸ் எடுத்தது 764 மட்டுமே என்பதிலிருந்து 891இன் உயரம் தெரியும். மாறியது ஆன்-பேஸ் விகிதம்: 0.312 என்பது 0.340 ஆகியிருந்தது. ஒரு சீசனில் ஓர் அணிக்குக் கிடைக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் பேட்டிங் வாய்ப்புகளில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 170 முறை கூடுதலாக ஒருவர் பேஸில் நிற்பதற்குச் சமம்.

2014 நவம்பரில் ஓக்லண்டிலிருந்து ஜாஷ் டொனால்ட்சனைக் கொண்டுவந்ததுதான் பெரிய திருப்பம். அவர் இரண்டாவதாக ஆடினார், பௌட்டிஸ்டா மூன்றாவது, என்கார்னாசியோன் நான்காவது. மூவரும் முறையே 41, 40, 39 ஹோம்ரன் அடித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடியது இந்த எண்களைத்தான். நான் பெரிதாக மதிப்பது அடுத்த மூன்று எண்களை: 0.371, 0.377, 0.372. முன்பு செய்த அதே பெருக்கலைச் செய்தால் மூவரும் வரிசையாக அவுட் ஆகும் வாய்ப்பு 0.36இலிருந்து 0.25ஆக இறங்குகிறது. என்கார்னாசியோன் இரண்டு கணக்கிலும் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே மனிதர் ஐந்தாண்டுகளில் பொறுமையாகப் பந்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். வலிமை முன்பே அவரிடம் இருந்தது.

பௌட்டிஸ்டாவின் சொந்தக் கணக்கும் இதையே உறுதி செய்கிறது. 2010இல் அவர் 54 ஹோம்ரன் அடித்து 124 ஓட்டங்களை வீடு (ஓட்டம் நிறைவாகும் கடைசி பேஸ்) சேர்த்தார். அதில் 54 அவர் தானே ஓடி எடுத்தவை. மற்றவர்களைக் கொண்டுவந்தவை 70. 2015இல் 40 ஹோம்ரன், 114 ஓட்டங்கள்; மற்றவர்களைக் கொண்டுவந்தவை 74. ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான வாய்ப்புகளில் 14 ஹோம்ரன் குறைந்தும், பிறரை வீட்டுக்கு அழைத்துவந்த எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவருக்கு முன்னால் ஆள் நின்றிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

இடக்கை, வலக்கை சமநிலை பற்றி ஒரு வார்த்தை. 2015 அணியின் முக்கிய பேட்டர்களில் மிகப் பெரும்பாலானோர் வலக்கை ஆட்டக்காரர்கள். பழைய பாடத்தின்படி வலக்கை பிட்சர்கள் அவர்களை எளிதாகக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பந்தைத் தேர்ந்தெடுத்து ஆடத் தெரிந்தவர்களிடம் அந்தக் குறை பெரிதாக வெளிப்படவில்லை என்பதே என் கணிப்பு. ஜூலை கடைசியில் வந்துசேர்ந்த பென் ரெவியர் இடக்கை ஆட்டக்காரர். முதலாவதாக ஆடி 0.319 சராசரி வைத்தார். ஹோம்ரன் அடிப்பதற்காக அவரை யாரும் அழைத்துவரவில்லை.

பேட்டிங் வரிசையே எல்லாம் என்று முடிவுகட்டவும் 2015 இடம் தரவில்லை. ஜூலை 28 அன்று அந்த அணி ஓட்டங்களில் லீகில் முன்னணியில் இருந்தும் 50 வெற்றி, 51 தோல்வி என்ற நிலையில்தான் இருந்தது. அதன் பிறகு ட்ராய் டுலோவிட்ஸ்கி, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே இருக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வந்து ஃபீல்டிங்கைச் சீராக்கினார். பிட்சர் டேவிட் பிரைஸ் வந்து ஒன்பது ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றார். மீதி 61 ஆட்டங்களில் அணி 43ஐ வென்றது. மொத்தம் 93 வெற்றிகள். 1993க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப். பில் ஜேம்ஸ் வாய்பாடு தருவதோ 103 வெற்றிகள். ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அந்தப் பத்து வெற்றிகள் அங்கேதான் நழுவின.

ஹோம்ரனைக் குறை சொல்லக் கூடாது

2010ஐ மட்டும் படித்தவர்கள் ஹோம்ரனை நம்பும் அணி உருப்படாது என்ற முடிவுக்கு வருவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. எல்லா ஆட்ட நிகழ்வுகளிலும் ஹோம்ரன்தான் மதிப்பு மிக்கது. சராசரியாக ஒரு ஹோம்ரன் அணிக்கு 1.4 ஓட்டங்களுக்கு ஈடு, ஒரு வாக் 0.3 ஓட்டத்துக்கு ஈடு என்பது பல ஆண்டுத் தரவுகளில் நிலைபெற்ற கணக்கு. முன்பு சொன்ன 1.6 ஹோம்ரனில் நேரடியாக வரும் ஓட்டம்; பேஸில் இருந்தவர்கள் வேறு வழியிலும் வீடு வந்திருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்தால் கிடைப்பது இந்த 1.4. 2019இல் மினசோட்டா ட்வின்ஸ் 307 ஹோம்ரன் அடித்து எல்லா அணிகளின் பழைய சாதனைகளையும் தாண்டியது. ஐந்து பேர் 30ஐக் கடந்தார்கள். ஆன்-பேஸ் விகிதமும் 0.338 என்று உயர்ந்திருந்ததால் 939 ஓட்டங்களும் 101 வெற்றிகளும் கிடைத்தன. 2010 டொராண்டோவின் வலிமையோடு பேஸில் ஏறும் திறனும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

அதே ட்வின்ஸ் அக்டோபரில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. அந்த மூன்று ஆட்டங்களில் அவர்கள் நான்கு ஹோம்ரன் அடித்தார்கள். நான்கும் பேஸில் யாரும் இல்லாதபோது அடித்தவை. மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஓர் அவுட்கூட ஆகாமல் மூன்று பேஸ்களும் நிறைந்திருந்தன. மிகெல் சானோ பந்தை உயரே தூக்கிக் கேட்ச் ஆனார். அடுத்த இருவர் ஸ்ட்ரைக்அவுட். ஒரு ஓட்டமும் வரவில்லை. மூன்று ஆட்டங்களை வைத்து 162 ஆட்டங்களின் பாடத்தைத் திருத்தி எழுத முடியாது. இருந்தாலும் பந்தை எப்படியாவது தொட்டு ஆட்டத்தில் வைக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்படும் தருணம் எப்படி இருக்கும் என்பதை அந்த இன்னிங்ஸ் காட்டியது.

கன்சாஸ் சிட்டியில் ஓர் இரவு

2015 அக்டோபரில் டொராண்டோவை எதிர்கொண்ட கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் இந்தத் திறமையில்தான் வாழ்ந்த அணி. சீசன் முழுவதும் 139 ஹோம்ரன் மட்டுமே அடித்தது. மேஜர் லீகிலேயே மிகக் குறைவாக, 973 முறை மட்டும் ஸ்ட்ரைக்அவுட் ஆனது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பிரைஸ் தொடர்ந்து 18 பேரை அவுட் செய்து 3-0 என்ற முன்னிலையைக் காத்துக்கொண்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்ட் உயரே அடித்த எளிய பந்து இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே யாரும் பிடிக்காமல் விழுந்தது. அதிலிருந்து ஒரு ஹோம்ரன்கூட இல்லாமல் ராயல்ஸ் ஐந்து ஓட்டங்கள் எடுத்தது.

ஆறாவது ஆட்டம் அக்டோபர் 23 அன்று. ராயல்ஸின் முதல் இரண்டு ஓட்டங்கள் ஹோம்ரன்களிலேயே வந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்; அவர்களும் அதை வெறுத்தவர்கள் அல்லர். டொராண்டோவின் மூன்று ஓட்டங்களையும் பௌட்டிஸ்டாவே கொண்டுவந்தார்: நான்காவது இன்னிங்ஸில் தனி ஹோம்ரன் ஒன்று, எட்டாவதில் ஒருவர் பேஸில் இருக்க அடித்து ஆட்டத்தைச் சமன் செய்த இன்னொன்று. மழையால் ஆட்டம் நின்று தொடர்ந்தபின், முதல் பேஸில் இருந்த லொரென்ஸோ கேன், எரிக் ஹாஸ்மர் அடித்த ஒரு சிங்கிளில் மூன்று பேஸ்களையும் ஓடிக் கடந்து வீடு வந்து சேர்ந்தார். 4-3.

ஒன்பதாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ரஸ்ஸல் மார்ட்டின் சிங்கிள் அடித்தார். அவருக்குப் பதிலாக ஓட வந்த டால்டன் பாம்பி இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது பேட்டர் அடிக்கக் காத்திராமல் ஓடி அதை அடைந்தார். பின் மூன்றாவதையும் திருடினார். கெவின் பில்லர் வாக் பெற்றார். ஓர் அவுட்கூட இல்லை; சமன் செய்யும் ஓட்டம் 90 அடி தூரத்தில் நிற்கிறது. ஹோம்ரன் தேவையே இல்லை. வெளிக்களத்துக்குத் தூக்கி அடித்த பந்தை ஒருவர் பிடித்தால்கூடப் போதும்; பிடித்தபின் மூன்றாவது பேஸில் இருப்பவர் வீட்டுக்கு ஓடிவிடலாம். பந்துவீசியவர் வேட் டேவிஸ். டியோனர் நவாரோ ஸ்ட்ரைக்அவுட். ரெவியர் ஸ்ட்ரைக்அவுட். டொனால்ட்சன் மூன்றாவது பேஸ் பக்கம் தரையில் அடித்த பந்தை மைக் மௌஸ்டாக்கஸ் எடுத்து முதல் பேஸுக்கு வீசினார். சீசனில் 891 ஓட்டங்கள் எடுத்த அணியின் ஆண்டு அங்கே முடிந்தபோது, அடுத்ததாக ஆட வேண்டிய பௌட்டிஸ்டா கையில் மட்டையோடு, அடுத்த பேட்டர் காத்திருக்கும் வட்டத்தில் நின்றிருந்தார்.